கடலில் தெரிவது எந்தக் கப்பல்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நடுப்பகுதி முழுவதும் தண்ணீருக்குள் போன ஒரு கப்பலைப் பார்த்தேன். முன்னால் கட்டடம் போன்ற பகுதியும், பின்னால் இரண்டு கோபுரங்களும் மட்டும் வெளியே நின்றன. மூழ்கிக்கொண்டிருந்ததா?

பதில்: இல்லை, வேண்டுமென்றே தாழ்த்தியிருக்கிறார்கள். பெரும்பாரம் சுமக்கும் பகுதிமூழ்கிக் கப்பல் அது. உள்ளே இருக்கும் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பினால் தளம் நீருக்கடியில் இறங்கும். எண்ணெய்த் துரப்பண மேடை, பழுதான கப்பல் போன்றவற்றை இழுவைப் படகுகள் மிதக்கவிட்டபடியே தளத்துக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தும். பிறகு நீரை வெளியேற்றினால் தளம் பாரத்தோடு எழும்பிவிடும். 2000-ல் ஏடனில் குண்டுவெடிப்பில் சேதமடைந்த அமெரிக்கப் போர்க்கப்பல் ‘கோல்’ இப்படித்தான் ‘புளூ மார்லின்’ கப்பலில் ஏறி ஊர் திரும்பியது.

பின்கோபுரங்கள் அழகுக்கு நிற்பவை அல்ல. தளம் மூழ்கிய நேரத்தில் நீர்மட்டத்தில் நின்று கப்பலைக் கவிழாமல் காப்பவை அவையும் முன்கட்டடமும்தான். ஆபத்தில் இருக்கிறதா என்று அறிய, சாய்வைக் கவனியுங்கள். வேலை நடக்கும்போது கப்பல் இருபக்கமும் சமமாக நிற்கும், சுற்றி இழுவைப் படகுகள் இருக்கும். ஒருபக்கம் சாய்ந்திருந்து, அருகில் படகு எதுவும் இல்லையென்றால் உடனே கடலோரக் காவல்படைக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: இரவில் ஒரு கப்பலில் மேலிருந்து கீழாகச் சிவப்பு, வெள்ளை, சிவப்பு விளக்குகள். அவற்றுக்கு ஒருபக்கம் இரண்டு சிவப்பு, மறுபக்கம் இரண்டு பச்சை. இது என்ன?

பதில்: தூர்வாரும் கப்பலாக இருக்கலாம்; நீருக்கடியில் வேறு வேலை செய்யும் கப்பலாகவும் இருக்கலாம். நடு வரிசை, ‘என்னால் எளிதாக விலக முடியாது’ என்கிறது. சிவப்பு இருக்கும் பக்கம் தடை உண்டு. பச்சை இருக்கும் பக்கமாகக் கடக்கலாம். பகலில் இதே செய்தியைக் கறுப்பு உருவங்கள் சொல்லும்: நடுவில் பந்து, வைரவடிவம், பந்து, தடையுள்ள பக்கம் இரண்டு பந்துகள், கடக்கும் பக்கம் இரண்டு வைரவடிவங்கள்.

மேலே பச்சை, கீழே வெள்ளை என்றால் இழுவலை போடும் மீன்பிடிக் கப்பல். மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்றால் பைலட் படகு, அதாவது கப்பலுக்கு வழிகாட்டுபவரை ஏற்றிச் செல்லும் படகு. ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வெள்ளை விளக்குகளோடு வரும் கப்பலை மிகவும் கவனமாகப் பாருங்கள். அது எதையோ கட்டி இழுக்கிறது. இழுப்பதன் பின்முனை 200 மீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. நீளம் அதற்குள் என்றால் இரண்டு வெள்ளை. இடையில் இருப்பது இருட்டில் தெரியாத வடம். வெற்றுக்கடல் என்று நினைத்து சிறுபடகுகள் நடுவே புகுவதுதான் விபத்தில் முடிகிறது.

கேள்வி: கைபேசிச் செயலி ஒரு பெயர் காட்டுகிறது, கப்பலில் வேறு பெயர் இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் விட்டுவிட்டு, ஒவ்வொரு கப்பலையும் அடையாளம் காட்டும் ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண்ணைத் தேடுங்கள். செயலிக்குத் தகவல் தருவது கப்பலின் ஏ.ஐ.எஸ். கருவி; கப்பலின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் வானொலி அலையில் தானாக அறிவிப்பது அது. கப்பலின் பெயரும் வகையும் அதில் மனிதர்கள் பதிந்தவை. கப்பல் கைமாறியபின் பழைய பெயரே தங்கிவிடுவது உண்டு. சிறுபடகுகள் பலவற்றில் கருவியே இருக்காது, போர்க்கப்பல்கள் அணைத்துவைக்கலாம்.

ஐ.எம்.ஓ. எண் அப்படியல்ல. பெயர், கொடி, உரிமையாளர் எது மாறினாலும் அந்த 7 இலக்கங்கள் மாறாது. பெரும்பாலும் கப்பலின் பின்புறத்தில், பெயருக்கும் பதிவுத் துறைமுகத்துக்கும் அருகில் எழுதியிருக்கும். படத்தில் மங்கலாக இருந்தால் சரிபார்க்க வழி உண்டு. முதல் 6 இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். 9074729-ஐ எடுத்தால் 63+0+35+16+21+4=139. கடைசி இலக்கம் 9, பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் 3-ஐ 8 என்றோ, 1-ஐ 7 என்றோ படித்திருப்பீர்கள்.

கேள்வி: சரக்குக் கப்பலின் தளத்தில் புகைபோக்கி மாதிரி உயரமான உருளைகள், ஆனால் புகையே இல்லை.

பதில்: சுழல்பாய்கள். உச்சியில் அகலமான தட்டு இருக்கும், உருளை மோட்டாரால் சுழலும். பக்கவாட்டுக் காற்று சுழலும் உருளையைக் கடக்கும்போது இருபுறமும் அழுத்தம் வேறுபட்டு, கப்பலை முன்னே தள்ளும். எரிபொருள் மிச்சமாகும். ஜெர்மன் பொறியாளர் ஆன்டன் ஃபிளெட்னர் 1920-களிலேயே இதைக் கப்பலில் பொருத்தி ஓட்டினார்.

கேள்வி: கப்பல் வானத்தில் மிதந்தது!

பதில்: கானல்தோற்றம். கடலை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று வெப்பமாகவும் இருந்தால் ஒளி வளைந்து வரும்; அடிவானத்தில் உள்ள கப்பல் உயர்ந்து தெரியும். சில படிகள் ஏறியோ இறங்கியோ மறுபடி பாருங்கள், உருவம் மாறும். அந்த நேரத்தில் எடுத்த படத்தை வைத்துக் கப்பலின் உயரத்தையோ வகையையோ கணிக்காதீர்கள்.