அனிமேஷன் சூப்பர் ஹீரோ படங்களில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க அப்படி என்ன இருக்கிறது?

கேள்வியின் கீழே, "குழந்தைகளை இரண்டு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார வைக்கத்தானே இதெல்லாம்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கென்றே எடுத்த படங்களும் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த வகையில் தேறுகிற படங்களைக் கவனித்தால் ஒன்று பிடிபடும். அவற்றில் வில்லன் ஒரு சாக்குதான். உண்மையான சண்டை வீட்டுக்குள் நடக்கிறது. அதனால்தான் பார்க்க உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் 'இது நம்ம கதை' என்று தோன்றுகிறது.

பிக்சார் என்ற அனிமேஷன் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட 'தி இன்க்ரெடிபிள்ஸ்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதி இயக்கியவர் பிராட் பேர்ட். யாருக்கு எந்தச் சக்தி என்று அவர் பிரித்துக் கொடுத்திருக்கும் விதம்தான் முழுப் படமும். வீட்டைத் தாங்க வேண்டிய அப்பாவுக்கு அசுர பலம். நாலா பக்கமும் இழுபடும் அம்மாவுக்கு எவ்வளவு இழுத்தாலும் நீளும் உடம்பு. யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும் என்று நினைக்கிற வயதில் இருக்கும் மகளுக்கு மாயமாக மறையும் சக்தி. ஓரிடத்தில் நிற்காத பத்து வயதுப் பையனுக்கு வேகம். கைக்குழந்தை பிற்காலத்தில் என்னவாகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் அதற்கு எல்லாச் சக்தியும் கொஞ்சம் கொஞ்சம்.

அதில் இரவுச் சாப்பாட்டுக் காட்சி ஒன்று வரும். பையன் பள்ளியில் செய்த குறும்பை அம்மா புகாராகச் சொல்கிறாள். அப்பாவோ, அவன் எவ்வளவு வேகமாக ஓடினான் என்று தெரிந்துகொள்வதில் குஷியாகிவிடுகிறார். அக்கா தம்பி சண்டை மூள்கிறது. அம்மா கைகளை நீட்டி இருவரையும் பிடித்து விலக்கப் பார்க்க, அப்பா சாப்பாட்டு மேசையையே அலாக்காகத் தூக்க, குழந்தை கெக்கலி போட்டுச் சிரிக்கிறது. அப்போது அழைப்பு மணி அடிக்கிறது. அடுத்த நொடி ஐந்து பேரும் அவரவர் இடத்தில், ஒன்றுமே நடக்காதது மாதிரி. மேசை தூக்கப்படும்போது என் பிள்ளைகள் சிரிப்பார்கள். மணி அடித்ததும் நானும் என் மனைவியும் சிரிப்போம். வெளியாள் வந்ததும் சண்டையை மடித்து வைக்கிற வித்தை தெரியாத வீடு எது?

இப்படி ஒரே காட்சியில் பிள்ளைகளுக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று என்று இரண்டு படம் ஓடுகிறது. பெரியவர்களுக்காக நடுவில் நாலு இரட்டை அர்த்த நகைச்சுவையைச் செருகி வைப்பது வேறு விஷயம். அது எனக்குச் சலிப்பையே தருகிறது.

2018-இல் வந்த 'ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தில் ஒரு கதவுக் காட்சி உண்டு. நாயகன் மைல்ஸ் விடுதி அறையில் நாற்காலியோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறான், வாயும் வலையால் ஒட்டப்பட்டிருக்கிறது. அப்பா கதவுக்கு வெளியே நின்று பேசுகிறார். தன் சகோதரன் இறந்துவிட்ட துக்கம் ஒரு பக்கம், மகன் தன்னிடமிருந்து விலகிக்கொண்டே போகிறானே என்ற பயம் ஒரு பக்கம். மகன் பதில் சொல்ல விரும்பவில்லை என்றே நினைத்துக்கொண்டு, உன்மேல் எனக்குப் பாசம் உண்டு, அதை நீ திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை என்று அவரே விட்டுக்கொடுக்கிறார். பையன் எப்படித் தப்பிப்பான் என்பது பிள்ளைகளின் கவலை. பதின்வயதுப் பிள்ளையின் மூடிய கதவுக்கு வெளியே ஒரு முறையாவது நின்றவர்களுக்கு அந்த அப்பாவைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது.

சரி, இதை ஏன் அனிமேஷனில் சொல்ல வேண்டும், நடிகர்களை வைத்தே எடுக்கலாமே என்று கேட்கலாம். இதே படம்தான் பதில். பொதுவாகத் திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடும். மைல்ஸ் புதிதாகத் தாவக் கற்கும் காட்டுக் காட்சியில், அனுபவசாலியான மூத்த ஸ்பைடர்-மேன் பீட்டருக்கு ஒவ்வொரு சட்டகத்திலும் உடலின் கோலம் மாறுகிறது. மைல்ஸுக்கு இரண்டு சட்டகத்துக்கு ஒரு முறைதான், அதாவது நொடிக்கு 12. பக்கத்தில் பக்கத்தில் பறக்கும்போது ஒருவன் வழுக்கிக்கொண்டு போகிறான், மற்றவன் தடுக்கித் தடுக்கிப் போகிறான். இந்தக் கணக்கு எந்தக் குழந்தைக்கும் தெரியாது. ஆனால் 'இவனுக்கு இன்னும் சரியா வரலப்பா' என்று என் சின்னவள் சட்டென்று சொன்னாள். நடிகரை வைத்து எடுத்தால், புதியவன் என்பதை அசைவின் ஓட்டத்திலேயே இப்படிக் காட்டுவது கடினம்.

இன்னொரு வசதி, வரைந்த பிள்ளைக்கு வயதாகாது. 'இன்க்ரெடிபிள்ஸ் 2' வந்தது 2018-இல், பதினான்கு ஆண்டு கழித்து. கதையோ முதல் படம் முடிந்த அதே இடத்தில் தொடங்குகிறது. முதல் படத்தைச் சிறு பிள்ளைகளாகப் பார்த்தவர்கள் இதைப் பார்க்கும்போது வளர்ந்துவிட்டார்கள், அந்தப் பையனுக்கு மட்டும் இன்னும் பத்து வயது. அம்மா வேலைக்குப் போக, அப்பா வீட்டில் இருந்து பிள்ளையின் கணக்குப் பாடத்தோடு மல்லுக்கட்டும் பகுதிதான் அதில் எனக்குப் பிடித்தது. இந்தக் கணக்கை எதற்காக மாற்றித் தொலைத்தார்கள் என்று அவர் கொதிப்பது வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்த எல்லாருடைய கொதிப்பும்தான்.

டிஸ்னியின் 'பிக் ஹீரோ 6' (2014) பற்றி ஒரு வார்த்தை. அண்ணனைத் தீ விபத்தில் பறிகொடுத்த பையனுக்குத் துணையாக, அண்ணன் உருவாக்கிய மருத்துவ ரோபோ இருக்கிறது. பழிவாங்கும் வெறியில் அந்தப் பையன் ரோபோவின் மருத்துவச் சில்லைப் பிடுங்கி எறிவான். சாதுவாக இருந்தது கொலைகார இயந்திரமாகிவிடும். சாவைப் பற்றிக் குழந்தையிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று திணறுபவர்களுக்கு இந்தப் படம் வழி திறந்துவிடும். எங்கள் வீட்டில் திறந்தது.

குறையே இல்லையா என்றால், உண்டு. கடைசி அரை மணி நேரம் கட்டடம் இடிவதையே காட்டுவது இந்த வகைப் படங்களின் தீராத வியாதி. என் பெரியவன் அந்தக் கட்டம் வந்ததும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். பொம்மைப் படம்தானே என்று மிகச் சின்னக் குழந்தைகளைத் தனியே விடவும் வேண்டாம். 'தி இன்க்ரெடிபிள்ஸ்' படத்தில் அம்மா, நீங்கள் கார்ட்டூனில் பார்க்கும் கெட்டவர்கள் மாதிரி இல்லை இவர்கள், குழந்தை என்று பார்க்க மாட்டார்கள், கொன்றுவிடுவார்கள் என்று பிள்ளைகளிடம் நேராகவே சொல்வாள். அந்த இடத்தில் சின்னவள் போர்வைக்குள் போய்விடுவாள். அதன் இரண்டாம் பாகத்தில் பளிச் பளிச்சென்று வெட்டும் ஒளிக்காட்சிகள் உண்டு; வலிப்பு நோய் உள்ளவர்களை எச்சரித்துத் திரையரங்குகளே அறிவிப்பு ஒட்டின. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அந்தப் படம் வேண்டாம்.

முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டால், ஆறேழு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு 'பிக் ஹீரோ 6', பத்தைத் தாண்டியவர்களுக்கு ஸ்பைடர்-வெர்ஸ் என்பேன். பின்னதற்கு 2023-இல் வந்த அடுத்த பாகம் 140 நிமிடம், அதுவும் கதை பாதியில் நிற்கும். இதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் 'அப்புறம் என்னாச்சு?' என்று உங்களைத் தூங்க விடமாட்டார்கள்.