பறவைக்கு எது, பந்தலுக்கு எது? கமராக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் புதுக் கமரா பற்றி ஒன்றுகூட இல்லை. எல்லாம் பழசு, அதிலும் கெனன் 7டி, கெனன் 5டி மார்க் 2 இந்த இரண்டும்தான் மாறி மாறி வருகின்றன. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள் விட்டுவிட்டுப் போனதும், ஸ்ரூடியோக்காரர் மிரர்லெஸ் என்ற உள்கண்ணாடி இல்லாத புது வகைக் கமராவுக்கு மாறும்போது தள்ளிவிட்டதுமாக இவை இப்போது கைக்கெட்டும் விலைக்கு வந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழ் முழுக்க இவற்றுக்கே.

கேள்வி: என்னிடம் கெனன் 1100டி இருக்கிறது. அதோடு வந்த 18-55 லென்ஸும் பிறகு வாங்கிய 55-250 உம் வைத்திருக்கிறேன். சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று சின்னச் சின்ன வேலைக்குப் போவேன், ஞாயிற்றுக்கிழமைகளில் இரணைமடுப் பக்கம் பறவை எடுப்பேன். வவுனியாவில் ஒரு கடையில் பாவித்த 7டியும் 5டி மார்க் 2 உம் கிட்டத்தட்ட ஒரே விலை சொல்கிறார்கள். "5டி ஃபுல் ஃபிரேம், யோசிக்காமல் எடு" என்கிறார்கள் நண்பர்கள். எடுக்கலாமா? (மல்லாவி வாசகர்)

பதில்: நண்பர்கள் சொல்வதில் பிழையில்லைத் தம்பி, ஃபுல் ஃபிரேம் என்றால் படம் பதியும் சென்சர் பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரியது. ஆனால் உங்கள் பையைத் திறந்து பார்க்காமல் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் லென்ஸ் இரண்டையும் கழற்றி, கமராவில் பூட்டுகிற பக்கத்தைப் பாருங்கள். விளிம்பில் சின்னதாக ஒரு வெள்ளைச் சதுரம் இருக்கும். அது ஈஎஃப்-எஸ் லென்ஸ், அதாவது 1100டி, 7டி போன்ற சின்னச் சென்சர் கமராவுக்கென்றே செய்தது என்பதற்கான அடையாளம். 7டியில் லென்ஸ் பூட்டும் வளையத்தில் வெள்ளைச் சதுரமும் இருக்கும், சிவப்புப் புள்ளியும் இருக்கும். 5டி மார்க் 2 இல் சிவப்புப் புள்ளி மட்டும்தான். அதாவது உங்களிடம் இருக்கும் இரண்டு லென்ஸும் அதில் ஏறாது, திருகிப் பார்க்கவும் வேண்டாம். சின்னச் சென்சருக்கென்று மற்றக் கொம்பனிகள் செய்த சிக்மாவின் டிசி, டம்ரோனின் டிஐ 2 வகை லென்ஸ்கள் ஏறும், ஆனால் படத்தின் நாலு மூலையும் கறுத்துப் போகும். கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார், அவருக்குக் கமரா விற்றால் சரி.

ஆக, 5டி எடுத்தால் கமராக் காசோடு கதை முடியாது. கொஞ்சம் அகலமாக எடுக்க ஒரு லென்ஸ், தூரத்துக்கு ஒரு லென்ஸ் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் காலத்தில் 5டி மார்க் 2 உடன் சேர்த்து விற்ற 24-105 எஃப் 4 நல்ல லென்ஸ்தான், அதுவும் சும்மா வராது. எந்தக் கமராவை எடுத்தாலும் சேரும் செலவும் இருக்கிறது. 1100டியில் நீங்கள் போட்ட எஸ்டி காட் இரண்டிலும் போகாது, சிஎஃப் காட் வேண்டும், அதற்கு வாசிப்பானும் வேண்டும். பற்றரியும் வேறு. இரண்டுக்கும் ஒரே எல்பி-ஈ6 பற்றரி என்பது ஒரு வசதி, பின்னொரு நாள் மற்றதையும் வாங்கினால் உதவும்.

சரி, பறவைக்கு வருவோம். இங்கே 7டியை 5டி நெருங்கவே முடியாது. 7டியின் சென்சர் சின்னது, அதனால் உங்கள் 250 மில்லிமீற்றர் லென்ஸ் ஃபுல் ஃபிரேமில் 400 போட்டால் தெரிகிற அளவுக்கு அடைத்துக் காட்டும். ஒரே லென்ஸை இரண்டிலும் போட்டு, 5டி படத்தை 7டி காட்டும் அளவுக்கு வெட்டிப் பாருங்கள், அதன் 21 மெகாபிக்சலில் 8 தான் மிஞ்சும். 7டியில் 18 உம் முழுதாக இருக்கும். அதோடு 7டி செக்கனுக்கு 8 படம், 5டி 3.9. மீன்கொத்தி கம்பிலிருந்து விழுந்து தண்ணீரைத் தொடும் நேரத்தில் நாலு படத்துக்கும் எட்டுப் படத்துக்கும் இடையில் என்ன வித்தியாசம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போக்கஸ் புள்ளியும் அப்படித்தான், 7டியில் 19, பத்தொன்பதும் குறுக்கு வகை (நிமிர்ந்த கோடு, கிடைக் கோடு இரண்டையும் பிடிக்கும்), பறக்கும் கொக்கு ஓரத்துக்குப் போனாலும் பிடித்துக்கொள்ளும். 5டியில் 9 புள்ளி, நடுப் புள்ளி மட்டும்தான் நம்பத் தகுந்தது, மற்றவை பகல் வெளிச்சத்தில் பரவாயில்லை, மங்கினால் தடவிக்கொண்டே இருக்கும்.

பந்தலில்தான் கதை மாறுகிறது. 5டியின் சென்சர் பரப்பு 7டியினதைப் போல இரண்டரை மடங்கு. இருட்டில் இதுதான் பேசும். 5டியில் ஐஎஸ்ஓ (இருட்டுக்கு ஏற்றக் கூட்டும் எண்) 3200 இல் எடுத்த படத்தை அல்பத்துக்குத் தயங்காமல் கொடுக்கலாம். 7டியில் 1600 க்கு மேல் போனால் நிழல் பகுதிகளில் மணல் தூவியது போல் புள்ளி வரும், கறுப்புக் கோட்டும் கூந்தலும் முதலில் காட்டிக் கொடுக்கும். வற்றாப்பளை அம்மன் பொங்கல் இரவில், பிளாஷ் அடிக்க மனம் வராத இடத்தில், விளக்கு வெளிச்சத்திலும் அடுப்பு வெளிச்சத்திலும் முகங்களை எடுக்க வேண்டுமென்றால் 5டியோடு ஒரு 50 எஃப் 1.8 லென்ஸ் போதும், 7டிக்காரர் ஓரமாக நிற்கலாம்.

ஆனால் சாமத்தியவீட்டில் நீங்கள் பிளாஷ் போடத்தானே போகிறீர்கள்? பிளாஷ் போட்ட பிறகு ஐஎஸ்ஓ 400, 800 க்குள் வேலை முடிந்துவிடும், அந்த இடத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாமியாருக்கும் முடியாது. 7டியின் தலையில் இருக்கும் குட்டிப் பிளாஷ், மூலையில் வைத்த கெனன் பிளாஷைக் கம்பியில்லாமல் எரியவும் வைக்கும். 5டி மார்க் 2 இல் குட்டிப் பிளாஷே இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். மண்டபத்தின் வெள்ளைக் கூரைக்கு அடித்துத் திருப்புகிற பழக்கத்தில் வீட்டுப் பந்தலிலும் மேலே அடிக்காதீர்கள், பந்தல் துணி மஞ்சள் என்றால் பிள்ளையின் முகம் மஞ்சள், சிவப்பு என்றால் முகம் சிவப்பு. கணினியில் அதைச் சரிசெய்ய விடிந்துவிடும்.

12 க்கு 18 அங்குலப் பிரதி எடுக்க இரண்டுமே தாராளம், மெகாபிக்சலைப் பார்த்துத் தடுமாற வேண்டாம்.

முடிவாக: உங்களுக்கு 7டி. இன்றைக்கே உங்கள் இரண்டு லென்ஸும் ஓடும், மிச்சக் காசில் ஒரு நல்ல பிளாஷும் 50 எஃப் 1.8 உம் வாங்குங்கள். 5டியைக் கண்ணால் பார்த்துவிட்டு ஆசை வந்தால், லென்ஸுக்கும் சேர்த்துக் காசு கையில் வரும்வரை ஆசையைத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்றவன் நான். ஓடியாடி எடுக்க மாட்டேன். குளக்கட்டு, தான்தோன்றீஸ்வரர் கோவில், ஊரிலுள்ள கிழவர் கிழவிகளின் முகங்கள், இவ்வளவுதான் என் படங்கள். வெளிநாட்டிலிருக்கும் மகன் "7டி வேகம் கூடியது" என்று அதை அனுப்பப் பார்க்கிறான். (ஒட்டுசுட்டான் வாசகர்)

பதில்: ஐயா, அந்த வேகம் உங்களுக்கு எதற்கு? மகனிடம் 5டி மார்க் 2 ஐக் கேளுங்கள், கூடவே ஒரு 50 எஃப் 1.8, முடிந்தால் 85 எஃப் 1.8. முகம் எடுக்க 85 ஐ ஃபுல் ஃபிரேமில் போட்டுப் பார்த்தால் வேறு லென்ஸ் தேட மாட்டீர்கள். கண் கூராக இருக்கும், காதுக்குப் பின்னால் இருக்கிற கிடுகு வேலி கரைந்து போயிருக்கும். 7டியிலும் அதைச் செய்யலாம்தான், ஆனால் முழு முகத்தையும் அடக்கப் பின்னுக்குப் போக வேண்டும், சின்ன வீட்டுத் திண்ணையில் பின்னுக்குப் போக இடம் ஏது. கண்ணாடி போடுகிறவர் என்றால் இன்னொன்று, 5டியின் பார்வைத் துவாரத்தில் படம் பெரிதாகத் தெரியும்.

குளக்கட்டுப் படங்களுக்கு முக்காலி கட்டாயம். லைவ் வியூவில், அதாவது பின் திரையில் பார்த்து, பத்து மடங்கு பெருப்பித்து, கையால் போக்கஸ் பண்ணுங்கள். இந்தக் கமராவுக்கு ஒரு குறை உண்டு, இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் நிழலைத் தூக்கினால் கோடு கோடாக வரும். அந்தி வானத்தை மட்டும் பார்த்து எடுத்தால் கட்டும் மரங்களும் கறுத்துவிடும், அவற்றை மீட்க முடியாது. வானத்துக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று என்று இரண்டு படம் எடுத்துச் சேர்ப்பது நல்லது. ஜேபெக்கில் அல்ல, ரோவில் (சென்சர் தந்தபடியே இருக்கும் மூலக் கோப்பு) எடுங்கள்.

கேள்வி: இரவு மின்னொளிக் கரப்பந்தாட்டத்தில் 7டியைத் தொடர்ந்து ஓடவிட்டால் ஒரு படம் வெளிச்சம், அடுத்தது இருட்டு, அதற்கடுத்தது மஞ்சள். கமரா பழுதா? (புதுக்குடியிருப்பு வாசகர்)

பதில்: கமராவில் ஒன்றுமில்லை, விளக்கில்தான். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் மைதானத்து விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஐந்நூறில் ஒரு செக்கனில் திறந்து மூடும் ஷட்டருக்குத் தெரியும், ஏறும் நேரம் அகப்பட்டால் வெளிச்சம், இறங்கும் நேரம் அகப்பட்டால் இருட்டு. இதைப் பார்த்து ஷட்டரைத் தாமதப்படுத்தும் வசதி 2014 இல் வந்த 7டி மார்க் 2 இல் இருக்கிறது, உங்களுடையதில் இல்லை. ஆகவே அடிக்கும் இடத்தில் தாராளமாக ஓடவிட்டு, நல்லதைப் பொறுக்குங்கள். பந்து தூக்கிக் கொடுக்கும்போது, சேர்விஸ் போட நிற்கும்போது நூறில் ஒன்றுக்கு இறக்கினால் நிறம் நிலையாக இருக்கும். வீடியோ எடுக்கிறீர்கள் என்றால் கமராவின் வீடியோ முறையை PAL என்று மாற்றி, 25 ஃபிரேமில், ஐம்பதில் ஒரு செக்கன். 5டி மார்க் 2 க்காரருக்கும் இதே கணக்கு, ஆனால் அது 2008 இல் வந்தபோது 30 ஃபிரேம் மட்டும்தான், 25 உம் 24 உம் 2010 இல் வந்த ஃபேர்ம்வெயரோடுதான் (கமராவின் உள் மென்பொருள்) சேர்ந்தன. பழைய ஃபேர்ம்வெயரோடு யாராவது கொண்டுவந்தால் முதலில் அதை ஏற்றுங்கள். 7டிக்கும் 2012 இல் ஒரு ஃபேர்ம்வெயர் வந்தது, அதன் பிறகு ரோவில் ஒரே மூச்சில் 15 க்குப் பதில் 25 படம் வரை போகும். கரப்பந்தாட்டம் எடுக்கிறவர் அதை ஏற்றாமல் இருப்பது அநியாயம்.

கேள்வி: பாவித்த கமரா வாங்கப் போகும்போது என்னென்ன பார்க்க வேண்டும்? (கிளிநொச்சி வாசகர்)

பதில்: முதலில் காட் போடும் கதவைத் திறந்து, ரோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிஎஃப் காட்டுக்கு ஊசி ஊசியாக 50 முள் இருக்கும், அதில் ஒன்று வளைந்திருந்தாலும் அந்தக் கமராவை வைத்துவிட்டு வாருங்கள். பிறகு எஃப் 16 இல் வெறும் வானத்தைப் போக்கஸ் இல்லாமல் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள், சென்சரில் உள்ள தூசி கறுப்புப் பொட்டாகத் தெரியும். தூசி இருந்தால் பயமில்லை, துடைக்கலாம், விலையைக் குறைக்கக் காரணம் கிடைத்தது. சோளகம் வீசும் மாதங்களில் வெளியில் நின்று லென்ஸ் மாற்றுகிறவர்கள் நாங்கள், எங்கள் பக்கத்துக் கமராவில் தூசி இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மெனுவில் பற்றரித் தகவல் என்று ஒன்று உண்டு, மூன்று பச்சைக் கட்டம் காட்டினால் பற்றரி நன்றாக இருக்கிறது, ஒரு கட்டம் சிவப்பாகக் காட்டினால் அது போய்விட்டது. ஒன்றுமே காட்டாவிட்டால் பெரும்பாலும் போலிப் பற்றரி. பற்றரியைக் கழற்றிப் பூட்டும்போதெல்லாம் திகதி அழிந்தால் உள்ளே இருக்கும் பொத்தான் பற்றரி செத்துவிட்டது, சின்னச் செலவு. ஷட்டர் எண்ணிக்கையைப் படக் கோப்பில் தேடாதீர்கள், இந்த இரண்டிலும் அது எழுதப்படுவதில்லை, கணினியில் கொழுவி மென்பொருளால்தான் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் கெனன் சொன்ன கணக்கு ஒன்றரை இலட்சம் தடவை. அதைத் தாண்டியும் ஓடும், முன்னரே போவதும் உண்டு.

லென்ஸையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரித் தெரிந்தால் பூஞ்சணம். மாரியில் பையோடு அலுமாரிக்குள் வைத்துவிட்டுத் தையில் எடுத்தால் இதுதான் நடக்கும், காற்றுப் போகாத பிளாஸ்ரிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் வாங்கி வையுங்கள்.

கேள்வி: இந்தக் காலத்து ஃபோனே போதாதா? (விசுவமடு வாசகி)

பதில்: பகலில், கிட்டத்தில், முகநூலுக்கு என்றால் போதும் தங்கச்சி. குளத்தின் அந்தக் கரையில் நிற்கும் நாரைக்குப் போதாது.

கேள்வி: பூநாரை எடுக்கச் சுண்டிக்குளத்துக்கு எப்போது போகலாம்? என்னிடம் 7டியும் 70-300 லென்ஸும் இருக்கு. (பரந்தன் வாசகர்)

பதில்: ஒக்ரோபரிலிருந்து மார்ச் வரை வலசைப் பறவைகளின் காலம். 2015 இலிருந்து அது தேசியப் பூங்கா, ஆகவே போகுமுன் வனசீவராசிகள் திணைக்களத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். 300 ஐ 7டியில் போட்டால் 480 மாதிரி, அது கூட்டத்துக்குக் காணும், தனிப் பறவைக்குக் காணாது. விடிய வெளிச்சம் வரும்போதே நில்லுங்கள், வெய்யில் ஏறினால் உப்புத் தரைக்கு மேலே காற்று நடுங்கும், அதற்குப் பிறகு எந்தக் கமராவாலும் கூராக எடுக்க முடியாது. கிட்டப் போகிறேன் என்று சேற்றுக்குள் இறங்கிக் கூட்டத்தை எழுப்பிவிடாதீர்கள், பறக்கும் படம் கிடைக்கும்தான், ஆனால் உங்களுக்குப் பிறகு வருகிறவருக்கு வெறும் தண்ணீர்தான் மிஞ்சும்.