இடைக்கால ஐரோப்பாவில் கோதிக் என்ற பாணியில் கட்டிய தேவாலயங்களில் அவ்வளவு பெரிய ஜன்னல்கள் வைத்தும் கட்டடம் எப்படி நிற்கிறது?

அங்கே பாரத்தைத் தாங்குவது சுவர் அல்ல, அதுதான் விஷயம். கல்லால் வளைத்துக் கட்டிய கூரை கீழ்நோக்கி அழுத்துவதோடு பக்கவாட்டிலும் தள்ளும். அதற்கு ஈடுகொடுக்க முன்பு தடித்த சுவர் எழுப்பினார்கள்; ஜன்னல்கள் சிறிதாகவே இருந்தன.

கோதிக் கொத்தனார்கள் வளைவைக் கூர்முனையாக்கினார்கள். அரைவட்டத்தைவிட இது பக்கவாட்டில் குறைவாகத் தள்ளும். பாரம் தூண்கள் நிற்கும் இடங்களில் குவியும். மிச்சத் தள்ளலை வெளிப்புறத்தில் சாய்ந்து நிற்கும் பாதி வளைவுகள் வாங்கி, கனத்த முட்டுத்தூண்கள் வழியாகத் தரைக்கு இறக்கும். இடைப்பட்ட சுவருக்கு வேலை குறைந்துவிடுவதால் அங்கே வண்ணக் கண்ணாடி வைக்கலாம்.

பிரான்ஸில் 1194 தீவிபத்துக்குப் பின் எழுந்த ஷார்த்ர் தேவாலயத்தை வெளியே நின்று பாருங்கள். இந்தப் பாதி வளைவுகளில் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே, சக்கரத்தின் ஆரக்கால்கள் போலக் குட்டித் தூண்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். பாரம் தாங்கும் உறுப்பையே இத்தனை அழகாகச் செதுக்கியிருப்பது எனக்கு உள்ளே இருக்கும் கண்ணாடிகளுக்குச் சற்றும் குறையாத அதிசயம்.

சரி, இந்த முறைக்கு எல்லையே இல்லையா? இருந்தது. பிரான்ஸின் போவே நகரத் தேவாலயத்தில் கூரையைச் சுமார் 48 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். 1284-இல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அப்புறம் தூண்களுக்கு நடுவே கூடுதல் தூண்கள் நிறுத்தித்தான் அதைத் திரும்பக் கட்டினார்கள்.