துமியர் யாருக்குச் சொந்தம்?

வாசகியின் கடிதம் (சுருக்கி வெளியிடப்படுகிறது): நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிக்கிறேன். உயர்தரம் படித்த காலத்தில் தொடங்கி நான்கு ஆண்டுகளாக, மூன்று சி.ஆர். கொப்பிகளில் ‘துமியர்’ என்ற கற்பனை இனத்தைப் பற்றி எழுதிவந்தேன். அவர்களது மலைநாடு, அதன் ஏழு ஆறுகள், குலங்கள், வழி தெரிந்த மூத்த பெண்களே முடிவெடுக்கும் முறை, நடைவழியில் இறந்து அடக்கம் செய்யப்படாதவர்களின் மூச்சுத்தான் மூடுபனி என்ற நம்பிக்கை, பதின்மூன்று மாத நாட்காட்டி எல்லாம் அவற்றில் உண்டு. வரைபடத்தை வரைந்ததும் துமியர் மொழிக்கு நாற்பது சொற்கள் உண்டாக்கித் தந்ததும் என் வகுப்புத் தோழன். கொப்பிகளின் பக்கங்களைப் படமெடுத்து அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். பின்னர் அவன் கொழும்பில் கைபேசி விளையாட்டுகள் தயாரிக்கும் நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்தான். சென்ற ஆண்டு அந்த நிறுவனம் வெளியிட்ட விளையாட்டில் துமியர் அதே பெயரில் வருகிறார்கள். நிறுவனத்தாரிடம் கேட்டதற்கு, ‘இல்லாத இனத்துக்கு உரிமையாளர் கிடையாது; நீயும் உன் அம்மாயி சொன்ன கதையைத்தானே எழுதினாய்’ என்று பதில் வந்தது. நான் எதையும் எங்கும் பதிவு செய்யவில்லை. எனக்கு உரிமை உண்டா? இதை நான் நூலாக வெளியிடலாமா? என் கதையில் துமியரை ஒடுக்கும் ‘சமவெளியார்’ என்ற இனத்தால் எனக்குச் சிக்கல் வரும் என்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள்.

சட்டத்தரணியின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பதிவு பற்றிய உங்கள் கவலையைத் தீர்த்துவிடுகிறேன். இலங்கையில் பதிப்புரிமை பெறுவதற்குப் பதிவு தேவையில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 6 ஆம் பிரிவின்படி, ஒரு படைப்பு படைக்கப்பட்ட மாத்திரத்திலேயே பாதுகாப்புப் பெறுகிறது. அது அச்சிலே வந்ததா, கொப்பியிலே கிடக்கிறதா, எழுதியவர் பெயர்பெற்றவரா, எழுத்து உயர்ந்ததா என்பவற்றைச் சட்டம் பார்ப்பதில்லை. பிரஜாவுரிமைச் சான்றிதழைத் தகரப் பெட்டியின் அடியில் பொன்போல் பொதிந்து வைத்து வளர்ந்த நம் மக்களுக்கு, முத்திரை குத்திய கடதாசி இல்லாமலும் ஓர் உரிமை இருக்க முடியும் என்பதை நம்புவது சிரமந்தான். ஆயினும் இந்த விடயத்தில் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. உங்கள் மூன்று கொப்பிகளின் எழுத்தும் உங்களுடையது. அவ்வுரிமை உங்கள் வாழ்நாள் முழுவதும், அதன் பின்னர் 70 ஆண்டுகளும் நிலைத்திருக்கும்.

ஆனால் நான் ‘எழுத்து’ என்று சொன்னதைக் கவனியுங்கள். ‘இனம்’ என்று சொல்லவில்லை. நிறுவனத்தார் சொன்ன பதிலில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியை நீங்கள் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதே சட்டத்தின் 8 ஆம் பிரிவு, எண்ணம், கருத்துரு, முறை, கோட்பாடு போன்றவை ஒரு படைப்புக்குள்ளே விளக்கப்பட்டிருந்தாலும் அவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்கிறது. பனி மூடிய மலைகளில் வாழும் ஓர் இனம், பெண் மூத்தோரின் ஆட்சி, இறந்தோரின் மூச்சு பனியாகிறது என்ற நம்பிக்கை, நிலவைக் கொண்டு மாதங்களைக் கணிப்பது என்பவற்றை யாரும் எடுத்துத் தம் வழியில் எழுதலாம். நாளைக்கு இன்னொருவர் எழுதினால் நீங்களும் தடுக்க முடியாது. நுவரெலியாவிலோ ஹப்புத்தளையிலோ ஒரு காலைப்பொழுதைக் கண்ட எவருக்கும் பனிமக்கள் தோன்றாமல் இருக்க மாட்டார்கள்.

சட்டம் காப்பது அந்த எண்ணத்துக்கு நீங்கள் கொடுத்த உருவத்தை. கடிதத்துடன் அனுப்பிய பக்கங்களை வாசித்தேன். துமியர் விடியலில் பெரட்டுக்களத்தில் (தோட்டங்களில் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடம்போல) கூடி, வந்தவர்களின் பெயரை விட்டு, வராதவர்களின் பெயரை மட்டும் மூத்தாள் உரக்கச் சொல்ல, ஒவ்வொரு பெயருக்கும் அந்தக் குலத்தார் ஒரு பிடி மண்ணை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ‘காலையில் பெயர் கூப்பிடும் இனம்’ என்பது எண்ணம்; அது பொதுச்சொத்து. மூத்தாளின் வாயில் நீங்கள் வைத்த பன்னிரண்டு வரிப் பாட்டு, மண் மாறும் ஒழுங்கு, அதை விவரித்த உங்கள் வசனங்கள் ஆகியவை வெளிப்பாடு. அவை உங்கள் சொத்து. நடுவில் ஒரு மங்கலான இடம் உண்டு. தனித்தனியே பார்த்தால் எண்ணங்களாகத் தோன்றும் பல விவரங்கள், ஒருவர் தெரிந்தெடுத்து அடுக்கிய அதே அடுக்கில், அதே தொடர்புகளோடு இன்னொருவரிடம் காணப்பட்டால், அந்த அடுக்கே வெளிப்பாடாகிவிட்டது என்று வாதிட இடமுண்டு. ஏழு ஆறுகள், ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு குலம், ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு விலக்கு, ஒவ்வொரு விலக்குக்கும் ஒரு மாதம் என்று நீங்கள் பின்னிய வலையை அவர்கள் அப்படியே எடுத்திருந்தால், அது வெறும் எண்ணம் என்று அவர்கள் தப்பிவிட முடியாது. கற்பனை உலகம் எவ்வளவுக்கு நுணுக்கமாக எழுதப்படுகிறதோ, அவ்வளவுக்கு அதன் வேலி பலப்படுகிறது.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்களே வெட்கப்பட்டு ஓரமாக எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். நாட்காட்டியில் பதின்மூன்று மாதம் என்று எழுதிவிட்டு, பெயர்ப்பட்டியலில் பன்னிரண்டை மட்டும் எழுதியதாகவும், ஒன்பதாவது மாதத்தின் பெயர் முதற்கொப்பியிலிருந்து இரண்டாவதற்குப் பிரதிபண்ணும்போது விடுபட்டுவிட்டதாகவும் சொல்கிறீர்கள். அந்த விளையாட்டைத் தரவிறக்கிப் பார்த்தேன். அங்கேயும் துமியரின் ஆண்டுக்குப் பதின்மூன்று மாதங்கள். பட்டியலில் பெயர்கள் பன்னிரண்டு. எட்டாவதற்கு அடுத்து பத்தாவது வருகிறது. சகோதரி, இந்தத் தொழிலில் இதைவிட நல்ல சாட்சி வாய்ப்பது அரிது. ஒரே எண்ணம் இருவருக்குத் தோன்றலாம். ஒரே மறதி இருவருக்குத் தோன்றாது. வரைபடம் விற்போரும் அகராதி தொகுப்போரும் தங்கள் உழைப்பு திருடப்படுவதைக் கண்டுபிடிப்பதற்காகவே வேண்டுமென்று ஒரு பொய் ஊரையோ பொய்ச் சொல்லையோ நடுவில் நட்டு வைப்பதுண்டு. உங்களுக்கு அது தானாகவே அமைந்துவிட்டது.

பெயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘துமியர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிப்புரிமையை நம்ப வேண்டாம். அதை நூலுக்கும் விளையாட்டுக்கும் வணிகப் பெயராகப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதியலாம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்கவும் முடியும். இதற்குப் பதிவு அவசியம் என்பதால், நிறுவனத்தார் முந்திக்கொள்வதற்கு முன் விசாரித்துவிடுங்கள்.

தோழன் விடயம் கொஞ்சம் நுட்பமானது. நீங்கள் அவர்மீது கோபத்தில் இருப்பது தெரிகிறது. ஆனால் வரைபடம் அவருடையது. வரைபடங்களும் தனிப் படைப்புகளாகச் சட்டத்தில் பெயர் குறித்துச் சொல்லப்பட்டவை. கூட்டாகச் செய்த படைப்பின் உரிமை கூட்டாசிரியர்களுக்கு உரியது. எனினும் பகுதிகளைப் பிரித்துப் பயன்படுத்த முடியுமாயின், எந்தப் பகுதி யார் செய்தது என்றும் தெரியுமாயின், அவரவர் பகுதி அவரவருக்கே என்று 14 ஆம் பிரிவு கூறுகிறது. உங்கள் எழுத்தையும் அவர் படத்தையும் பிரிப்பது எளிது. ஆகவே அவருடைய எழுத்துமூல அனுமதி இன்றி வரைபடத்தை நீங்களும் உங்கள் நூலில் போட முடியாது. அதேபோல், உங்கள் எழுத்தை நிறுவனத்துக்குக் கொடுக்க அவருக்கு எந்த அதிகாரமும் இருந்ததில்லை. உரிமையைக் கையளிப்பதோ உரிமம் வழங்குவதோ எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்று 16 ஆம் பிரிவு வலியுறுத்துகிறது. ‘அவளுக்கு ஆட்சேபனை இராது’ என்று அவர் வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தாலும் அது செல்லாது. ஊழியர் வேலையின்போது படைப்பவற்றின் பொருளாதார உரிமை தொழில்தருநருக்குச் சேரும் என்ற விதியை நிறுவனம் தூக்கிப் பிடிக்கக்கூடும். வரைபடம் பள்ளிக்கூட நாளில் வரையப்பட்டது. அந்த விதி அதைத் தொடாது. நாற்பது சொற்களைப் பொறுத்தவரை, சண்டை பிடிக்க அதில் அதிகமில்லை என்பதே என் கருத்து.

அம்மாயியின் கதை என்ற பேச்சுக்குத்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்த கோப்பித் தோட்ட காலத்து நினைவுகளும், வழியில் செத்தவர்களைப் பற்றிய பேச்சும் ஒரு சமூகத்தின் பொதுநினைவு. வரலாற்றுக்கும் நம்பிக்கைக்கும் தனி உரிமையாளர் இல்லை. அவற்றிலிருந்து நீங்கள் துமியரை உண்டாக்கியது உங்கள் உரிமையைக் குறைத்துவிடாது. ஆனால் இரண்டாவது கொப்பியில் காமன் கூத்துப் பாடல்களிலிருந்து சில அடிகளை அப்படியே துமியரின் நோன்புப் பாட்டாகச் சேர்த்திருக்கிறீர்கள். தேயிலை ஆலையின் ரோதை முனியை வழிபடும்போது உங்கள் தோட்டத்தில் பாடுவதையும் எழுதியிருக்கிறீர்கள். தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாக வந்த பாடல், கதை, கூத்து ஆகியவற்றை நாட்டார் வெளிப்பாடுகள் என்று வகுத்து, அவற்றை வணிக நோக்கில் அல்லது மரபுச் சூழலுக்கு வெளியே எடுத்தாள்வதை 24 ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. அதற்கு உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். எடுத்தாளும்போது எந்தச் சமூகத்திலிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து பெறப்பட்டது என்பதையும் தகுந்த முறையில் குறிப்பிட வேண்டும். எனவே நூலை விற்பனைக்கு வெளியிடும் முன் அந்த அடிகளை நீக்கிவிட்டு உங்கள் சொந்தப் பாட்டை எழுதுவது மிக எளிய வழி. நீக்க மனமில்லையாயின் அனுமதிக்கு விண்ணப்பித்து, மலையகத் தமிழரின் காமன் கூத்திலிருந்து எடுத்தது என்று தெளிவாக அச்சிடுங்கள். அதே அடிகள் விளையாட்டிலும் ஒலிக்கின்றன, எங்கிருந்து வந்தவை என்ற ஒரு சொல்கூட இல்லாமல். ‘பாட்டியின் கதை’ என்று உங்களுக்கு எதிராக நீட்டிய விரல் அவர்கள் பக்கமே திரும்புகிறது.

சமவெளியாரைப் பற்றிப் பயமுறுத்தியவர்கள் முழுக்கத் தவறானவர்கள் அல்லர். ஒடுக்கும் இனம் ஒன்றைக் கதையில் படைப்பது குற்றமன்று. ஆயினும் 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம், அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் மீதான சர்வதேச சமவாயச் சட்டம், இன, மத வெறுப்பைத் தூண்டிப் பாகுபாட்டுக்கோ வன்முறைக்கோ வழிவகுக்கும் பேச்சைக் குற்றமாக்குகிறது. அதன் 3 ஆம் பிரிவின் கீழ் ஒருவர் கைதானால் பிணை வழங்கும் அதிகாரம் மேல் நீதிமன்றத்துக்கே உண்டு. வெறுப்புப் பேச்சைத் தடுக்க வந்த இச்சட்டம் புனைகதை எழுதியவர்மீதும் பாய்ந்ததை நாம் கண்டிருக்கிறோம் என்பதால் இதைச் சொல்கிறேன். உங்கள் சமவெளியாரின் உடை, வழிபாட்டுச் சொற்கள், பூசகரின் பட்டப்பெயர் ஆகியன நம் நாட்டிலுள்ள ஒரு சமூகத்தை ஒருவர் உடனே அடையாளம் காணும்படி இருக்கின்றன. அவர்களுக்கும் துமியருக்குக் கொடுத்த அதே உழைப்பைக் கொடுத்து, தமக்கென ஒரு நாடும் தெய்வமும் உண்டாக்குங்கள். இது சட்ட ஆலோசனை. கதைக்கும் கெடுதல் வராது என்றே நினைக்கிறேன்.

இனிச் செய்ய வேண்டியவை. விளையாட்டின் தொடர்புடைய காட்சிகள் அனைத்தையும் திகதி தெரியும்படி பதிவு செய்து, தோழனுடனான வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அத்தகைய பதிவுகளைச் சான்றாக முன்வைக்க வழி செய்கிறது. நீங்கள் எழுதிய காலத்திலேயே கொப்பிகளை வாசித்த ஆசிரியர் ஒருவர் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அவரிடம் ஒரு சத்தியக்கடதாசி பெறுவது நல்லது. அதன் பிறகு சட்டத்தரணி மூலமாக நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும். உங்கள் பாட்டையும் நாட்காட்டியையும் அகற்றுதல் அல்லது உரிய கொடுப்பனவுடன் உரிமம் பெறுதல் என்ற இரண்டில் ஒன்றை அதில் கேட்கலாம். பொருளாதார உரிமை ஒருபுறமிருக்க, ஆசிரியர் என்று உங்கள் பெயரைப் போடும்படி கேட்கும் தார்மீக உரிமை புலமைச் சொத்துச் சட்டத்தின் 10 ஆம் பிரிவின் கீழ் தனியாக இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள்.

இணங்காவிட்டால் தடையுத்தரவுக்கும் நட்டஈட்டுக்குமான வழக்கைக் கொழும்பிலுள்ள வணிக மேல் நீதிமன்றத்தில் தொடர வேண்டிவரும். வேண்டுமென்று பதிப்புரிமையை மீறியவருக்கு நீதவான் 5 இலட்சம் ரூபா வரை தண்டமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் உங்கள் நிலையில் அந்தப் பாதையை நான் முதலில் தெரிந்தெடுக்க மாட்டேன். பொகவந்தலாவையிலிருந்து ஒவ்வொரு தவணைக்கும் கொழும்புக்குப் போய்வரும் செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதால், கோரிக்கைக் கடிதத்தின் கட்டத்திலேயே முடித்துக்கொள்ள முயல்வது புத்தி. வசதி குறைவு என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அருகிலுள்ள நிலையத்தை நாடலாம். காலம் தாழ்த்த வேண்டாம். தெரிந்தும் நெடுநாள் சும்மா இருந்தவருக்கு இடைக்காலத் தடையுத்தரவு கொடுக்க நீதிமன்றம் தயங்கும்.

கொப்பிகளை இருக்கிறபடியே கொண்டுவாருங்கள். அட்டை மாற்றாதீர்கள், பக்கம் கிழிக்காதீர்கள், அழகாகத் திருப்பி எழுதாதீர்கள். முக்கியமாக, விடுபட்ட ஒன்பதாவது மாதத்தின் பெயர் இப்போது ஞாபகம் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கு முடியும்வரை அதை அந்தக் கொப்பியில் எழுதிவிடாதீர்கள்.