பெரிய வானொலி நிறுவனங்கள் சிற்றூர் நிலையங்களை ஏன் விற்கின்றன?

அமெரிக்காவின் கிளியர் சேனல் என்ற வானொலி நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனம் நாடு முழுக்க எத்தனை வானொலி நிலையங்களையும் வைத்திருக்கலாம் என்று 1996இல் சட்டம் மாறியது. ஆயிரத்துக்கும் மேல் வாங்கிக் குவித்தார்கள், கடனும் ஏறியது. சிற்றூரில் விளம்பரம் தருவது டயர் கடை, விதைக் கடை போன்றவர்கள். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துப் பேச வேண்டும், கிடைப்பதோ சொற்பம். 2006இல் தனியார் முதலீட்டு நிறுவனங்கள் கிளியர் சேனலை வாங்க வந்தபோது, நாட்டின் முதல் 100 பெரிய வானொலிச் சந்தைகளுக்கு (நகரமும் அதன் சுற்றுப்பகுதியும் ஒரு சந்தை) வெளியே இருந்த 448 நிலையங்கள் விற்பனைக்கு வந்தன.

விற்றது நல்லது என்றே நினைக்கிறேன். 2002 ஜனவரியில், வட டகோட்டாவின் மைனாட் நகரில் நள்ளிரவு தாண்டி ரயில் தடம்புரண்டு அம்மோனியா பரவியது. ஊரின் ஆறு வணிக வானொலிகளும் கிளியர் சேனலுடையவை. ஆனாலும் வானொலியைத் திருகியவர்களுக்கு உடனே எச்சரிக்கை வரவில்லை. உள்ளூர்க்காரர் நடத்தினால், அந்த நேரத்தில் அவர் வீட்டுக் கதவைத் தட்டியாவது எழுப்பி, எச்சரிக்கை தரச் சொல்லலாம்.