சீனக்குடாவில் இருந்து ஒன்ராறியோ மா ஆலைக்கு மனேஜராக வரும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வி இதுதான்: திருகோணமலைச் சீனக்குடாவில் கோதுமை மா ஆலையில் சிஃப்ட் பொறுப்பாளராக இருந்தவர், இப்போது கனடாவின் ஒன்ராறியோவில் ஒரு மா ஆலையில் உற்பத்தி மனேஜர் வேலை கிடைத்திருக்கிறது, வர முன் சிக்ஸ் சிக்மா (உற்பத்திப் பிழைகளைக் குறைக்கும் முறை) படிக்கவா, எம்.பி.ஏ. தொடங்கவா? இரண்டையும் ஒரு வருடத்துக்குத் தள்ளி வையுங்கள். அரைக்கும் றோலர் மில்லும் சலிக்கும் பிளான்சிஃப்டரும் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான், அதில் உங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. புது மனேஜர்மார் இடறுவது பூட்டிலும், சிஃப்ட் கைமாற்றத்திலும், கணக்கிலும்.

முதலில் பூட்டு, அதாவது ஒருவர் இயந்திரத்தில் வேலை செய்யும்போது வேறு யாரும் அதை இயக்காதபடி போடும் பூட்டு. எமர்ஜென்சி ஸ்ரொப் மோட்டரை நிறுத்தும், ஆனால் ஆளைக் காப்பாற்றும் பூட்டு அது இல்லை. மில்லுக்குள் கை வைக்க முன் கொன்ரோல் அறைக்குச் சொல்லி நிறுத்த வேண்டும். ஐசொலேற்றரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) ஓஃப் செய்து, வேலை செய்யும் ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தானே போட்டுத் திறப்பைத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும். காற்று லைனை மூடி மிச்ச அழுத்தத்தை வெளியே விட்டு, றோல் சுழல்வது முற்றாக நிற்கும்வரை பொறுத்து, கடைசியாக ஸ்ரார்ட் பட்டனை அமத்திப் பார்க்க வேண்டும். அதிகம் விடுபடுவது இந்தக் கடைசிப் படிதான். பக்கத்து மில்லின் ஐசொலேற்றரைப் பூட்டிவிட்டு இந்த மில்லைத் திறக்கப் போகிறார்கள் என்றால், அதைக் காட்டிக்கொடுப்பது அந்தப் பட்டன் ஒன்றுதான்.

பூட்டு நடைமுறை எல்லா ஆலையிலும் எழுத்தில் இருக்கும். மனேஜரைச் சோதிப்பது இரவு 2 மணிக்கு வரும் அழைப்பு. சிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போனவரின் பூட்டு தொங்குகிறது, லைன் நிற்கிறது, வெட்டட்டா என்று கேட்கிறார்கள். அவர் ஆலைக்குள் இல்லை என்று உறுதிசெய்து, அவரோடு தொலைபேசியில் கதைத்து, பொறுப்பானவர் ஒருவர் இயந்திரத்தை நேரில் பார்த்து, எழுதிக் கையெழுத்து வைத்த பிறகுதான் வெட்டலாம். அவர் திரும்ப வேலையில் இறங்க முன் அவருக்கு அதைச் சொல்லவும் வேண்டும்.

இங்கே இது உங்கள் தலைக்கே வரும் விஷயம். 1992 மே 9 அன்று நோவா ஸ்கோஷியாவில் வெஸ்ற்றே நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 26 பேர் இறந்தார்கள். அதை வைத்து 2004இல் கனடாவின் குற்றவியல் சட்டம் மாறியது: ஒருவரை வேலையில் ஏவுகிற எவருக்கும் அவருடைய பாதுகாப்பு சட்டப்படியான கடமை. கம்பனிக்குப் பின்னால் மனேஜர் ஒளிய முடியாது. கனடாவில் மா ஆலைகள் மாகாணச் சட்டத்தின் கீழ் இல்லை, மத்திய அரசின் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வரும்; அதன்படி ஆபத்து என்று கருதும் வேலையைத் தொழிலாளி மறுக்கலாம். மறுத்தால் அவரை வைத்துக்கொண்டே உடனே விசாரிக்க வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. ஊரில் சுப்பவைசரின் முகத்துக்கு நேரே "மாட்டேன்" என்று சொல்வது பெரிய விஷயம். இங்கே அது சாதாரண நடைமுறை, மரியாதைக் குறைவாக எடுக்காதீர்கள்.

அடுத்தது கைமாற்றம். 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் அல்ஃபா எண்ணெய் மேடையில் 167 பேர் இறந்தார்கள். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்தது, அந்தத் தகவல் இரவுச் சிஃப்ட்டுக்குப் போய்ச் சேரவில்லை. ஓடிய பம்ப் நின்றதும் வால்வு கழற்றிய பம்பை இயக்கினார்கள், எரிவாயு கசிந்து வெடித்தது. மா ஆலையில் எரிவாயு பாயாது, ஆனால் அதே வகைப் பிழை நடக்கும். "எல்லாம் ஓகே" என்ற ஒரு வரிக் குறிப்பை ஏற்காதீர்கள். என்ன பூட்டியிருக்கிறது, எந்த சென்சரைத் தற்காலிகமாகத் தாண்டி ஓட்டுகிறார்கள், எந்த பேர்மிற் (வேலை அனுமதித் தாள்) இன்னும் திறந்திருக்கிறது, கோதுமையைத் தண்ணீர் சேர்த்து ஊற வைக்கும் தொட்டிகளில் எது எத்தனை மணிக்கு நிரம்பியது, எந்தச் சல்லடை கிழிந்து மாற்றப்பட்டது, எந்த மா தடுத்து வைக்கப்பட்டிருக்கிறது: இவை எழுத்தில் இருக்க வேண்டும். 15 நிமிடம் இரு சிஃப்ட்டும் ஒன்றாகத் தளத்தில் நடக்க வேண்டும். அந்த 15 நிமிடத்துக்குச் சம்பளம் கேட்டு மேலே சண்டை பிடிப்பதும் மனேஜர் வேலைதான்.

சென்சரைத் தாண்டுவது, இயந்திரத்துக்கு வைத்த அளவுப் புள்ளியை மாற்றுவது, குழாயைத் திருப்புவது எதுவும் வாய்மொழியில் நடக்கக் கூடாது. 1974இல் இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ இரசாயன ஆலையில் ஒரு ரியாக்ரரைக் கழற்றிய இடத்தில், முறையான வடிவமைப்புக் கணக்கில்லாமல் போட்ட தற்காலிகக் குழாய் பிய்ந்து, வெடித்து 28 பேர் இறந்தார்கள். தற்காலிகம் என்றால் முடியும் திகதியும் பொறுப்பாளர் பெயரும் தாளில் வேண்டும்.

இனிக் கணக்கு. உங்களை நிறுத்துப் பார்ப்பது எக்ஸ்ட்ராக்ஷன் (கோதுமையில் இருந்து எவ்வளவு மா எடுக்கிறீர்கள்) சதவீதத்தில்தான், ஆகவே எந்த அடிப்படையில் என்று முதல் நாளே கேளுங்கள். 12.5% ஈரமுள்ள சுத்தக் கோதுமை 1,000 கிலோவை 16%க்கு ஊற வைத்தால் எடை சுமார் 1,042 கிலோ. அதில் 780 கிலோ மா வந்தால், ஊற முந்திய எடையில் 78%, முதல் உடைப்பில் (கோதுமையை முதலில் உடைக்கும் றோலில்) இறங்கும் எடையில் 75%. ஒரே மா, இரண்டு எண். இது தெரியாமல் பழைய ஆலையோடு ஒப்பிட்டு வீம்பாக வாக்குக் கொடுத்துவிட்டு முழிக்க வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கிலும் பிழை வழக்கம். மணிக்கு 10 தொன் கோதுமையை 12.5%இல் இருந்து 16%க்கு ஏற்ற 350 லீற்றர் போதாது. வித்தியாசம் 3.5ஐ 84ஆல் (100இல் இருந்து 16 போக) வகுத்து எடையால் பெருக்க வேண்டும், விடை 417 லீற்றர். 350 ஊற்றினால் 15.5%தான் வரும், தவிடு உதிர்ந்து மாவில் கலக்கும், சாம்பல் அளவு (மாவில் கலந்த தவிட்டைக் காட்டும் எண்) கூடும், பேக்கரிக்காரன் நிறம் சரியில்லை என்று திருப்பி அனுப்புவான்.

குளிர்காலம் உங்களுக்குப் புதிது. திருகோணமலையில் கப்பலால் இறங்கும் கோதுமை சூடாகவே இருக்கும், மழைக்காலத்தில் காற்றே ஈரம். இங்கே ஜனவரியில் உறைநிலைக்குக் கீழே வரும் தானியம் தண்ணீரை மெதுவாகத்தான் உள்ளிழுக்கும். வெந்நீர் ஊற்றுங்கள் அல்லது ஊறும் நேரத்தைக் கூட்டுங்கள். ஹீற்றர் போட்ட ஆலைக்குள் காற்று வறண்டிருப்பதால் அரைக்கும்போதே ஈரம் பறக்கும், எடையும் குறையும். மாவின் ஈரத்தை 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்த்து ஊறலைத் திருத்துங்கள். கோடையில் வைத்த புள்ளியில் ஜனவரியை ஓட்டினால் கணக்கில் காணாமல் போகும் தொன்னுக்கு உங்களிடம்தான் விளக்கம் கேட்பார்கள்.

வறண்ட காற்றில் நிலைமின்னும் கூடும், தூசு பற்றக் கூடியது. 2008இல் ஜோர்ஜியாவில் ஒரு சீனி ஆலையில் 14 பேரும், 2017இல் விஸ்கொன்சினில் ஒரு சோள ஆலையில் 5 பேரும் தூசு வெடிப்பில் இறந்தார்கள். முதல் வெடி சின்னதாக இருக்கலாம். அது உத்தரத்திலும் குழாய் மேலும் படிந்த தூசைக் கிளப்பி மூட்டும் இரண்டாவது வெடிதான் கட்டடத்தைச் சாய்க்கும். ஆகவே கண்ணுக்கு எட்டாத மேல் பகுதியை ஏணி வைத்துப் பாருங்கள். காற்றடித்துச் சுத்தம் செய்ய விடாதீர்கள், அதற்கென்று செய்த வக்கூம்தான். வெல்டிங் பேர்மிற் கொடுத்தால் வேலை முடிந்து 1 மணித்தியாலமாவது ஒருவர் அங்கேயே காவல் இருக்க வேண்டும்.

மிச்சம் சுருக்கமாக. யூனியன் உள்ள ஆலை என்றால் கூட்டு ஒப்பந்தத்தை வாசிக்காமல் ஓவர்டைம் பங்கிடாதீர்கள். பெரும்பாலும் மூப்பு வரிசை இருக்கும், அதைத் தாண்டிக் கூப்பிட்டால் கூப்பிடாதவருக்கும் காசு கட்ட வேண்டி வரலாம். ஒன்ராறியோவில் லைசென்ஸ் இல்லாமல் உங்களை "இஞ்சினியர்" என்று அழைத்துக்கொள்ள முடியாது, மனேஜர் என்றே போடுங்கள். கிழமைக்கு 40 மணித்தியாலத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு சம்பளம் என்ற சட்டம் மனேஜருக்குப் பொருந்தாது, ஆகவே இரவு அழைப்புகளையும் சனி ஞாயிறையும் சேர்த்தே சம்பளம் பேசுங்கள், கையெழுத்து வைத்த பிறகு இல்லை.