கிளிமாஞ்சாரோவுக்கு ஐந்து நாளா, எட்டு நாளா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். வயது 54. அவர் கேட்டது சுருக்கமாக இதுதான்:

“ஐயா, சென்ற ஆண்டு கணவரோடும் தம்பியோடும் சபாவிலுள்ள கினபாலு மலை ஏறினேன். வழியில் தங்கும் பனலாபானில் இரவு முழுவதும் தலைவலி, குமட்டல். ஆனாலும் உச்சியைத் தொட்டுவிட்டேன். அடுத்து தான்சானியாவின் கிளிமாஞ்சாரோ மலைக்குப் போகலாம் என்று இருக்கிறோம். முகவர் இரண்டு திட்டம் தருகிறார். மராங்கு வழி 5 நாள். லெமோஷோ வழி 8 நாள், ஆனால் ஆளுக்கு 3,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கூடுதல். தம்பி தினமும் ஜிம்முக்குப் போகிறவன், 5 நாளே போதும் என்கிறான். எனக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு. நாங்கள் சைவம். எதைத் தேர்ந்தெடுப்பது?”

டீச்சர், பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு நாள். பணம் இப்போது போதாது என்றால் பயணத்தை ஓர் ஆண்டு தள்ளிப்போடுங்கள், ஐந்து நாள் திட்டத்துக்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். பினாங்கிலிருந்து பல குழுக்களை மலைக்கு அழைத்துப் போனவன் என்ற முறையில் சொல்கிறேன். தம்பியையும் பக்கத்தில் உட்காரவைத்து இதைப் படியுங்கள்.

பனலாபானில் உங்களுக்கு வந்தது பெரும்பாலும் மலை நோய்தான், அதாவது உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வருவது. களைப்பு என்று நினைத்திருப்பீர்கள். கினபாலுவில் 1,866 மீட்டரில் உள்ள திம்போஹோன் வாசலில் நடக்கத் தொடங்கி, அன்று மாலையே சுமார் 3,270 மீட்டரில் உள்ள பனலாபானில் படுத்துவிடுகிறோம். விடியலில் 4,095 மீட்டர் உச்சி, அன்றைக்கே மறுபடி கீழே. மலை நோய் வழக்கமாக உயரத்துக்குப் போய் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். அது முற்றுவதற்குள் நீங்கள் கீழே இறங்கிவிட்டீர்கள், அதனால் தப்பித்தீர்கள். கிளிமாஞ்சாரோவில் அந்த வசதி கிடையாது. தலைவலி தொடங்கிய பிறகும் அதைவிட உயரத்தில் அடுத்த இரவு, அதற்கும் மேலே இன்னோர் இரவு என்று போய்க்கொண்டே இருக்கும். ஆகவே கினபாலு ஏறியதைக் கிளிமாஞ்சாரோவுக்கான தேர்ச்சிச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நாள் கணக்கின் அருமை புரியும். கிளிமாஞ்சாரோவின் உச்சியான உஹுரு சிகரம் 5,895 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் பாதிதான். உடம்பு முதலில் செய்வது வேகமாக மூச்சு விடுவது. அப்படி விடும்போது கரியமிலவாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை கூடிவிடுகிறது. உடனே மூளை, ‘போதும், மூச்சைக் குறை’ என்று கட்டளையிடுகிறது. இந்த இழுபறியைத் தீர்ப்பது சிறுநீரகம். கூடுதல் பைகார்பனேட் என்ற காரப்பொருளைச் சிறுநீரில் வெளியேற்றி ரத்தத்தைச் சமன்படுத்துகிறது. அதற்குப் பிறகுதான் தாராளமாக மூச்சுவிட முடியும். அந்த வேலைக்குச் சில நாள் ஆகும். ஜிம்மில் எத்தனை கிலோ தூக்கினாலும் சிறுநீரகம் அவசரப்படாது. தம்பியின் தசைக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது முகவர் தந்த இரண்டு திட்டத்திலும் எங்கெங்கே தூங்கப்போகிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். மராங்கு 5 நாளில் முதல் இரவு மண்டாரா குடிலில், சுமார் 2,700 மீட்டர். அடுத்தது ஹொரொம்போ, சுமார் 3,700. மூன்றாவது கிபோ, சுமார் 4,700. ஒரு நாளைக்கு ஆயிரம் மீட்டர். மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுவான விதி, 3,000 மீட்டருக்கு மேலே தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும் என்பது. மராங்கு 5 நாள் அந்த விதியை இரட்டிப்பாக மீறுகிறது. அதுவும் கிபோவில் படுத்த அன்றைக்கே நள்ளிரவில் எழுப்பி உச்சிக்கு நடக்கவைப்பார்கள்.

லெமோஷோவில் முதல் இரவு மழைக்காட்டில், சுமார் 2,700. பிறகு ஷிரா பீடபூமியில் இரண்டு இரவு, 3,500, 3,850 என்று. நான்காம் நாள்தான் இந்த வழியின் உயிர். 4,600 மீட்டரில் உள்ள லாவா டவர் பாறை வரை ஏறி, அங்கே மதிய உணவு சாப்பிட்டுவிட்டு, 3,950 மீட்டரில் இருக்கும் பராங்கோவுக்கு இறங்கித் தூங்குவீர்கள். பகலில் உயரே போய் இரவில் கீழே படுப்பது உடம்பைப் பழக்க நல்ல வழி. அன்று பலருக்கும் லாவா டவரில் தலை வலிக்கும், பராங்கோ வந்ததும் தணியும். அடுத்த இரவு கராங்கா, ஏறக்குறைய அதே உயரம். பிறகு பராஃபு, 4,650 மீட்டருக்குச் சற்று மேலே. அங்கிருந்து உச்சி. லெமோஷோவும் விதியை முழுதாகக் காப்பாற்றுகிறது என்று சொல்லமாட்டேன், இரண்டு இடத்தில் தாண்டுகிறது. ஆனால் உச்சிக்கு முன் லெமோஷோவில் உடம்புக்கு ஆறு இரவு கிடைக்கிறது, மராங்குவில் மூன்று.

மராங்கு மோசமான பாதை என்று நினைக்க வேண்டாம். கூடாரத்துக்குப் பதில் கட்டில் போட்ட குடில் இருப்பதால் மழைக்கு நல்லது. அதையே 6 நாளாக்கி ஹொரொம்போவில் கூடுதலாக ஓர் இரவு தங்கினால் ஓரளவு பரவாயில்லை. பள்ளி விடுமுறையும் பணமும் உங்களை நெருக்கினால் அதுவே என் இரண்டாவது யோசனை. பூங்காக் கட்டணத்தை நாள் கணக்கில் வாங்குகிறார்கள், அதனால்தான் குறைந்த நாள் திட்டம் மலிவாகத் தெரிகிறது. அந்த 3,000 வெள்ளியில் நீங்கள் வாங்குவது மூன்று இரவுத் தூக்கம். மொத்தப் பயணத்திலும் இதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தெரியவில்லை.

தம்பிக்கு இன்னொரு விஷயம். நான் அழைத்துப் போனவர்களில் அதிகம் சிரமப்பட்டவர்கள் வயதானவர்கள் இல்லை, திடகாத்திரமான இளைஞர்கள். கால் வலுவாக இருப்பதால் வேகமாக நடப்பார்கள், தலைவலி வந்தால் வெட்கப்பட்டு மறைப்பார்கள். ஒருமுறை எங்கள் குழுவில் ஓர் இளைஞர் பராஃபு முகாமில் இரண்டு தடவை வாந்தி எடுத்ததை யாரிடமும் சொல்லவில்லை. உச்சிக்குக் கிளம்பும் நேரத்தில் கைடு அவரைக் குதிகாலும் விரலும் ஒட்ட வைத்து ஒரே நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் தள்ளாடினார். அது மூளை வீக்கத்தின் அறிகுறி. அந்த இருட்டிலேயே இரண்டு பேர் தோளில் தாங்கிக் கீழே கொண்டுபோனார்கள். சுமார் ஆயிரம் மீட்டர் இறங்கியதும் தெளிவாகப் பேச ஆரம்பித்தார். அந்த இரவை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. தலைவலியை மறைக்காதீர்கள். தலைவலி இருக்கும்போது மேலே ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ, விடாமல் இருமினாலோ, நடை தள்ளாடினாலோ உடனே இறங்குங்கள், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மற்ற மருந்தெல்லாம் இறங்குவதற்கு உதவி, அவ்வளவுதான்.

கிளம்புவதற்கு முன்பே நீங்கள் மூவரும் ஒன்றைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருவர் இறங்க வேண்டி வந்தால் மற்ற இருவரும் தொடர்வார்களா? 5,000 மீட்டரில், குளிரில், நள்ளிரவில் அந்தப் பேச்சை எடுத்தால் சண்டைதான் வரும். கைடு ‘திரும்பு’ என்றால் திரும்புவது என்றும் இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள். 1991 முதல் அங்கே வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதியில்லை. அவர்கள் சொல்லும் ‘போலே போலே’ என்ற சுவாஹிலி வார்த்தைக்கு மெதுவாக, மெதுவாக என்று பொருள். தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோவிலில் காவடியோடு படியேறுபவரைப் பார்த்திருப்பீர்கள். ஓரடி, ஒரு மூச்சு, பிறகு அடுத்த அடி. அந்த நடைதான்.

ரத்த அழுத்த விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரையால் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தால் பொதுவாக அது தடையில்லை. ஆனால் உயரத்தில் அழுத்தம் கொஞ்சம் கூடலாம். மலை நோய் வராமல் தடுக்க அசெட்டசோலமைட் என்ற மாத்திரை உண்டு, டையமாக்ஸ் என்ற பெயரில் பலர் அறிவார்கள். நான் மேலே சொன்ன சிறுநீரக வேலையை இது விரைவுபடுத்துகிறது. பெரியவர்களுக்கு வழக்கமான தடுப்பளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. உங்கள் ரத்த அழுத்த மாத்திரை சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் வகையாக இருந்தால், இரண்டும் சேரும்போது உடலில் நீரும் பொட்டாசியமும் குறையலாம். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஆகவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், அளவை அவர் முடிவு செய்யட்டும். விரல் நுனி மரத்தது போல ஊறும், இரவில் அடிக்கடி எழ வேண்டியிருக்கும். இவை அந்த மாத்திரையின் குணம், பயப்பட வேண்டாம். இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். அந்த உயரத்தில் தூங்கும்போது மூச்சு சில விநாடி நின்று பிறகு வேகமாகத் தொடரும். பக்கத்தில் படுத்திருக்கும் கணவருக்கு அப்படி நடந்தால் பதறிப்போவீர்கள். அது பலருக்கும் வருவதுதான்.

சைவத்துக்குக் கவலையே வேண்டாம். சோறு, பீன்ஸ், காய்கறி எல்லாம் சமைத்துத் தருவார்கள். அங்கே சப்பாத்திக்கு சப்பாத்தி என்றே பெயர், டீக்குச் சாய். ஆனால் 4,000 மீட்டருக்கு மேலே பசியே எடுக்காது. ரசப்பொடி, ஊறுகாய், இஞ்சி மிட்டாய் கொண்டுபோங்கள். சுடுதண்ணீரில் கரைத்த ரசம் இரண்டு வாய் சோற்றையாவது உள்ளே தள்ளும். கட்டிக்கொண்டு போக பிளாஸ்டிக் பை எடுக்காதீர்கள், தான்சானியாவில் 2019 ஜூன் முதல் அதற்குத் தடை. துணிப்பை போதும்.

முகவரிடம் விலையைத் தவிரச் சிலவற்றைக் கேளுங்கள். ‘எங்கள் ஆட்கள் எல்லாரும் உச்சி தொடுகிறார்கள்’ என்றால், உச்சி என்று எதைச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். மராங்கு வழியில் எரிமலை விளிம்பைத் தொடும் இடம் கில்மன்ஸ் பாயிண்ட், லெமோஷோவில் ஸ்டெல்லா பாயிண்ட். உஹுரு அதற்கும் மேலே, விளிம்போடு இன்னும் வெகுநேரம் நடக்க வேண்டும். மூன்று பேருக்கு எத்தனை கைடு? இரண்டு பேராவது வேண்டும், அப்போதுதான் ஒருவர் இறங்கினாலும் மற்றவர்கள் தொடர முடியும். ஆக்சிஜன் சிலிண்டர் கூடவே வருமா, அல்லது ஊரில் இருக்குமா? அப்புறம் சுமைதூக்குகிறவர்களுக்கு எவ்வளவு கூலி, எத்தனை வேளைச் சாப்பாடு? ஒரு போர்ட்டர் தூக்கும் சுமை 20 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று விதி, வாசலில் எடை போடுவார்கள். கிளிமாஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் புரொஜெக்ட் என்ற அமைப்பு, தொழிலாளிகளை ஒழுங்காக நடத்தும் நிறுவனங்களைப் பட்டியலிடுகிறது. உங்கள் முகவர் அங்கே எந்த நிறுவனத்திடம் உங்களை ஒப்படைக்கிறார் என்று கேட்டு அந்தப் பட்டியலில் தேடுங்கள். மிக மலிவான திட்டத்தில் அந்த மலிவு பெரும்பாலும் அவர்கள் வயிற்றில்தான் வெட்டப்படுகிறது. எஸ்டேட் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. காப்புறுதியிலும் உயர வரம்பைப் பாருங்கள். 6,000 மீட்டர் வரை மலையேற்றத்தையும் ஹெலிகாப்டர் மீட்பையும் சேர்த்ததாக இருக்க வேண்டும்.

பயிற்சிக்கு ஜிம்மைவிடப் பினாங்கின் கொடிமலை மேல். நான்கு மாதம் முன்பே தொடங்கி, சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து, தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் ரோடு வழியாக 6 கிலோ பையோடு ஏறி இறங்குங்கள். முதல் நாள் களைப்போடு இரண்டாம் நாள் நடப்பதுதான் பயிற்சி. வார நாளில் தண்ணீர்மலையின் 513 படி. ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள். உச்சி தொட்ட அன்றே சுமார் 3,100 மீட்டரில் உள்ள ம்வெகா முகாமுக்கு, அதாவது 2,800 மீட்டர் கீழே இறங்க வேண்டும். முட்டி அங்கேதான் அழும். ஊன்றுகோல் இரண்டு கட்டாயம்.

உச்சி இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 10, 15 டிகிரி போகும், காற்றும் சேரும். போத்தலைத் தலைகீழாக வையுங்கள், தண்ணீர் மேலிருந்து உறையும் என்பதால் வாய்ப்பகுதி கடைசியில்தான் அடைபடும். தலைவிளக்கின் பேட்டரியை உடம்போடு ஒட்டி வையுங்கள்.

மாதம் என்று பார்த்தால் ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரையும், ஜூன் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் வரையும் மழை குறைவு. தைப்பூசத்தை விட்டுவிட்டுப் போக உங்களுக்கு மனம் வராது என்று நினைக்கிறேன், ஆகவே இரண்டாவது பருவத்தில் வரும் பள்ளி விடுமுறையைக் குறிவையுங்கள். முகவருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அவர் சம்மதித்தால் அசெட்டசோலமைட்டை ஊரிலேயே இரண்டு நாள் சாப்பிட்டுப் பாருங்கள், அலர்ஜி ஏதும் இருந்தால் மருத்துவமனை பக்கத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.